பதினோரு மாதக் கணக்கு

 வணிகர்களும் கட்டட உரிமையாளர்களும் கூடும் இதுபோன்ற கூட்டங்களில் சட்டம் பேச வருகிறவர்கள் சொத்து வரியில் தொடங்கி ஜி.எஸ்.டி. வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டவருக்குப் பயம் மிஞ்சும், பயன் மிஞ்சாது. ஆகவே இன்று ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் கல்லாப்பெட்டிக்கு அடியிலோ பீரோவின் மேல்தட்டிலோ அது கிடக்கும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியை எடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி, 'பதினோரு மாத காலத்திற்கு மட்டும்' என்று அடித்துக் கொடுத்த வாடகை ஒப்பந்தம். இருபது லட்சம் முதல் போட்ட கடைக்கும் அதே காகிதம்தான், மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கும் கல்லூரி மாணவருக்கும் அதே காகிதம்தான்.

அந்தக் காகிதம் செல்லாது என்று சொல்ல வரவில்லை. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதினோரு மாதத்துக்கு அது செல்லும். என் வாதம் வேறு. வாடகை ஒப்பந்தம் என்பது உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் நடுவிலான விஷயம் என்று நாம் நினைத்துவிட்டோம். இருவருக்கும் மனம் ஒத்துப்போனால் எழுத்து எதற்கு என்கிறோம். ஆனால் கடை பறிபோவதும் கட்டடம் சிக்கலில் மாட்டுவதும் பெரும்பாலும் மூன்றாவது ஓர் ஆள் உள்ளே வரும்போதுதான். கட்டடத்தை வாங்கியவர் வருவார், கடன் கொடுத்த வங்கி வரும், உரிமையாளர் காலமானபின் வாரிசுகள் வருவார்கள். அவர்கள் யாரும் உங்கள் பேச்சுவார்த்தையின்போது உடன் இருந்தவர்கள் அல்லர். அவர்களை ஓராண்டுக்கு மேல் கட்டுப்படுத்தக்கூடியது பதிவு செய்த குத்தகைப் பத்திரம் ஒன்றுதான். அதைத் தவிர்ப்பதற்காகவே பதினோரு மாதக் கணக்கு பிறந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

எங்கிருந்து வந்தது இந்தப் பதினொன்று? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவில் ஒரு விதி வைத்தது. ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, ஆண்டு வாடகை பேசிய குத்தகை ஆகிய மூன்றையும் பதிவு செய்த பத்திரத்தால்தான் உண்டாக்க முடியும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் இதையே கட்டாயப் பதிவுப் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தின் வாசல் ஓராண்டில் இருக்கிறது. அந்த வாசலுக்கு ஒரு மாதம் முன்பாகவே நின்றுகொண்டால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டாம், பதிவுக் கட்டணம் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டவர் கெட்டிக்காரர்தான். அவர் போட்டது செலவுக் கணக்கு மட்டும். அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கும் என்ற மறுபக்கக் கணக்கை அவர் போடவில்லை.

போடாததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், கடைக்காரருக்குப் பத்திரம் இருந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமாக இல்லை. வாடகை ரசீது இருந்தால் போதும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், உள்வாடகைக்கு விட்டார், உரிமையாளருக்குச் சொந்தத் தேவை, இடித்துக் கட்டவேண்டும் என்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபிக்காமல் அவரை வெளியேற்ற முடியாது. காலம் முடிந்தது என்பது அந்தச் சட்டத்தில் ஒரு காரணமே அல்ல. எனவே பத்திரத்தில் மூன்று ஆண்டு என்று எழுதினாலும் பதினோரு மாதம் என்று எழுதினாலும் நடைமுறையில் ஒன்றுதான். கடைக்காரரைக் காத்தது காகிதம் அல்ல, சட்டம். அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றிய நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அடித்தளம் முழுவதுமாக மாறிவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. இடிந்துபோன சுவரில் முதுகைச் சாய்த்தபடி நிற்கிறோம்.

புதிய சட்டம் நகர்ப்புறங்களில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் எந்த இடத்தையும் வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்கிறது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெறவேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இதில் விலக்கு இல்லை. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, சார்பதிவாளரிடம் பத்திரத்தைப் பதிவது வேறு. முன்னது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவை, பின்னது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது. நோட்டரி முத்திரை இரண்டுக்கும் ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிவப்பு முத்திரையைப் பார்த்தவுடன் நம் ஊரில் ஒரு தனி மரியாதை வந்துவிடுகிறது. அரசு, கோயில், வக்ஃபு இடங்களில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அதற்குள் இன்று போகவில்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும். உரிமையாளர் இடத்தைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையில் முதலில் நிற்பது வாடகை பாக்கி அல்ல. முன்பே நடந்துவரும் வாடகைக்குச் சட்டம் கேட்டபடி இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினார்கள் என்பதே முதல் காரணம். வாடகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய கடைக்காரரும், எழுத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்க நேரலாம். பழைய சட்டத்தில் எழுத்து இல்லாமையால் கடைக்காரருக்குப் பெரிய நட்டம் இல்லை. இன்று அதுவே அவருக்கு எதிரான ஆயுதம்.

"பதினோரு மாதம் எழுதவில்லை, தெளிவாக ஐந்து வருஷம் என்றே எழுதியிருக்கிறோம், பதிவுதான் செய்யவில்லை" என்று சிலர் சொல்வார்கள். இது இன்னும் சிக்கலான நிலை. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஆண்டனி எதிர் கே.சி. இட்டூப் அண்டு சன்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டுக் குத்தகை, பத்திரம் பதிவாகவில்லை. அந்தப் பத்திரத்தால் ஐந்து ஆண்டுக் குத்தகை உண்டாகாது, ஆனால் இடத்தைக் கொடுத்து வாடகையும் வாங்கியதால் மாதவாடகை உறவு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஐந்து ஆண்டு என்று நினைத்து முதல் போட்டவர் கையில் இருப்பது மாதக் கணக்கு. மாதவாடகையை முடிக்கச் சொத்து மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவு கேட்பது 15 நாள் அறிவிப்பு. உற்பத்தித் தொழிலுக்கு விட்ட இடமாக இருந்தால் ஆறு மாத அறிவிப்பு. இந்த ஆறு மாதத்தை நம்பித்தான் பால் ரப்பர் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்ன சொன்னது? உற்பத்திக்காக விட்ட குத்தகை என்று காட்டும் பத்திரம் பதிவாகவில்லை. வழக்கின் மையக் கேள்வியே அதுவாக இருக்கும்போது, பதிவாகாத பத்திரத்தைக் கொண்டு அதை நிலைநாட்ட முடியாது. 15 நாள் அறிவிப்பே போதும் என்று ஆயிற்று. இயந்திரங்களை இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு தொழிற்கூடத்துக்கு 15 நாளுக்கும் ஆறு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிருக்கும் தொழில்முனைவோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முத்திரைத் தீர்வை குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். பதிவாகாத பத்திரத்தைத் துணை நோக்கத்துக்காவது, அதாவது வாடகைதாரர் எந்த முறையில் உள்ளே வந்தார் என்பதற்காவது, நீதிமன்றம் எட்டிப் பார்க்கும். முத்திரை குறைந்த பத்திரத்தை அதற்கும் பார்க்காது, குறைவையும் அபராதத்தையும் கட்டியபிறகுதான் கையில் எடுக்கும். அந்த அபராதம் குறைவுத் தொகையைப்போல் பத்து மடங்கு வரை போகலாம். தலைப்பை 'உரிம ஒப்பந்தம்' என்றோ 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்றோ மாற்றி எழுதித் தப்பலாம் என்ற யோசனையும் புழக்கத்தில் இருக்கிறது. தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார் என்று 1959ஆம் ஆண்டிலேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி அந்த மூன்றாவது ஆளிடம் வருகிறேன். முதலில் வங்கி. உரிமையாளர் கட்டடத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறார், தவணை நின்றுபோகிறது. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலேயே சொத்தைக் கையகப்படுத்தும். கீழ்த்தளத்தில் ஒருவர் ஒழுங்காக வாடகை கட்டிக் கடை நடத்துகிறார் என்பது வங்கிக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. 2014ஆம் ஆண்டு ஹர்ஷத் கோவர்தன் சோந்தகர் வழக்கிலும், 2019ஆம் ஆண்டு பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. சாரம் இதுதான்: அடமானத்துக்கு முன்பே முறைப்படி உண்டான குத்தகையை வங்கி மதிக்கவேண்டும். வாய்மொழியாகவோ பதிவாகாத பத்திரத்தாலோ இருக்கும் வாடகைதாரர் ஓராண்டுக்கு மேல் பாதுகாப்பு கேட்க முடியாது. அடமானத்துக்குப் பிறகு உரிமையாளர் கொடுக்கும் குத்தகைக்கும் சொத்து மாற்றுச் சட்டம் 65-ஏ பிரிவு எல்லை வைத்திருக்கிறது, கட்டடமானால் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. பெரும்பாலான அடமானப் பத்திரங்களில் வங்கியின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாடகைதாரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போனால் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, பத்திரம் எங்கே என்பதுதான்.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று கிடைக்கிறது. வில்லங்கச் சான்று என்பது சொத்து வாங்குகிறவர் மட்டும் பார்க்கிற ஒன்று என்று நினைக்கிறோம். கடை எடுப்பவரும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைப் பார்க்கவேண்டும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்துச் செய்யும் அடமானமும் பதிவு செய்யப்பட வேண்டியதாகிவிட்டதால், வங்கிக் கடன் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். மாதம் இருபதாயிரம் வாடகைக்கு மூன்று ஆண்டு ஒப்புக்கொள்கிறவர், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பணத்தை ஓர் இடத்தில் கட்டப்போகிறார். நாலு பவுன் நகை வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிற நமக்கு இது பெரிய சிரமம் அல்ல.

அடுத்தவர், கட்டடத்தை வாங்கியவர். சொத்து மாற்றுச் சட்டம் 109ஆம் பிரிவுப்படி அவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், நடந்துகொண்டிருக்கும் குத்தகை அவரையும் கட்டும். பதிவு செய்த குத்தகை வில்லங்கச் சான்றில் தெரிவதால், எனக்குத் தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது. பதினோரு மாத ஒப்பந்தம் அதில் ஏறாது. வாங்கியவர் வந்து, "உங்கள் அட்வான்ஸ் என் கைக்கு வரவில்லை, பழையவரிடம் கேளுங்கள்" என்று சொல்லும்போது கடைக்காரர் தன் இருபது ரூபாய்ப் பத்திரத்தைப் பார்ப்பார். அதில் அட்வான்ஸ் தொகை பாதி மட்டும் எழுதியிருக்கும்.

மூன்றாவது, வாரிசுகள். கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாகவேண்டும்: நம் கடைத்தெருக்களில் வாடகைத் தகராறு என்று வருவதில் பல, உண்மையில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறுகள். அப்பா இருந்தவரை வாடகை அப்பாவிடம் போனது. அவர் போனபின் மூத்தவர் கேட்கிறார், இளையவர் எனக்கும் பாதி என்கிறார், சகோதரி நோட்டீஸ் அனுப்புகிறார். கடைக்காரர் யாரிடம் கொடுத்தாலும் இன்னொருவர் கணக்கில் அவர் பாக்கிதாரர். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. யாரிடம் செலுத்துவது என்று தெரியாதபோது வாடகையை வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். பதிந்த ஒப்பந்தமும் எண்ணும் இருப்பவருக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும். வாய்மொழியில் இருப்பவர் தாம் வாடகைதாரர்தான் என்பதையே முதலில் நிரூபிக்கவேண்டும், அதுவும் ஒருவருக்கொருவர் பேசாத மூன்று பேர் முன்னால்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு செலவு. கணக்குப் போட்டே பார்க்கலாம். மாத வாடகை 20,000, மூன்று ஆண்டு, அட்வான்ஸ் 60,000. வாடகை 7,20,000, அட்வான்ஸோடு 7,80,000. முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 7,800 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், இன்னொரு 7,800. மொத்தம் 15,600. ஒரு மாத வாடகைகூட இல்லை. மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 433 ரூபாய், அதையும் இருவர் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். கடைக்கு முன்னால் மாட்டும் ஒளிவிளக்குப் பலகைக்கு இதைவிட அதிகமாகச் செலவழிக்கிறோம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் இந்த மூன்று ஆண்டில் நாலு பத்திரம் எழுதவேண்டும், நாலு முறை வாடகை பேசவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு வரி. பதிவு செய்தால் வாடகை வெளியே தெரிந்துவிடும் என்று உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது, ஆனால் காலம் கடந்த தயக்கம். வாடகை கடைக்காரருக்குச் செலவு. அவர் அதைத் தன் கணக்கில் காட்டித்தான் லாபத்தைக் குறைப்பார். மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிப்பிடித்தம் வருகிறது. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவில்லாத உரிமையாளரின் வணிக இடத்தைப் பதிவுள்ள கடைக்காரர் எடுத்திருந்தால், 18 சதவீத வரியைக் கடைக்காரரே நேரடியாகக் கட்டவேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பின்னர் விலக்கு தந்தார்கள். ஆக, மறைத்துவிட்டோம் என்று உரிமையாளர் நினைக்கும் வாடகை எதிராளியின் புத்தகத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. காட்டுவதால் வரும் சுமையும் நினைக்கிற அளவு இல்லை. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் கேட்காமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறது. பாதி வாடகையை மட்டும் எழுதுகிறவர், நாளை நிலுவை கேட்டு வழக்குப் போடும்போது எழுதிய பாதியைத்தான் கேட்க முடியும்.

மூன்றாவது மறுப்பு, உரிமையாளர் தரப்பின் உண்மையான பயம். நீண்ட காலத்துக்கு எழுதிக்கொடுத்தால் கடைக்காரர் அப்படியே ஒட்டிக்கொள்வார், பன்னிரண்டு வருஷம் ஆனால் இடம் அவருக்கே போய்விடும். இந்தப் பன்னிரண்டு வருஷக் கதையை ஊர் முழுக்கக் கேட்கலாம். உரிமையாளரின் உரிமையை மறுத்து, எதிரிடையாக அனுபவிப்பவருக்குப் பொருந்தும் காலவரையறை அது. வாடகைதாரராக உள்ளே வந்தவர் அந்தக் குத்தகை நடக்கும்வரை, உனக்கு இதில் உரிமையில்லை என்று உரிமையாளரைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் இதைச் சொன்னது, அதன் இடத்தில் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் சொல்கிறது. அப்படியானால் அவர் வாடகைதாரராகத்தான் வந்தார் என்பதற்கு உரிமையாளரிடம் இருக்கக்கூடிய ஆகச் சிறந்த சான்று எது? அவர் கையெழுத்துப் போட்டு, புகைப்படமும் விரல்ரேகையும் வைத்துப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம். பயத்துக்கு மருந்தாக இருப்பதையே பயந்து ஒதுக்குகிறோம்.

காலம் முடிந்தும் காலி செய்யாத வாடகைதாரர் இரண்டு மடங்கு வாடகை தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்தத் தேதியில் காலம் முடிந்தது, எவ்வளவு வாடகையின் இரண்டு மடங்கு என்பதற்குப் பத்திரம்தான் ஆதாரம். பத்து மாத அட்வான்ஸ் விஷயமும் அப்படியே. மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக்கூடாது, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்கிறது சட்டம். பத்து மாதம் வாங்குகிற உரிமையாளருக்கே எழுத்து தேவைப்படுகிறது. கையில் காகிதம் இல்லாத உரிமையாளர் கடைசியில் செய்வது மின் இணைப்பைத் துண்டிப்பது, கடைக்கு மேல் பூட்டுப் போடுவது. அத்தியாவசிய வசதியை நிறுத்துவதை அதே சட்டம் தடுக்கிறது. நியாயம் அவர் பக்கம் இருந்தாலும் அந்த நொடியில் குற்றம் அவர் பக்கம் வந்துவிடும்.

நான்காவது மறுப்பு கடைக்காரர்களிடமிருந்து வருகிறது, அதற்கு வலு உண்டு. வியாபாரம் ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் மூன்று ஆண்டுக்கு எப்படிக் கட்டுப்படுவது? கட்டுப்பட வேண்டாம். குத்தகைக் காலம் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு உரிமையாளர் காலி செய்யச் சொல்லக்கூடாது, கடைக்காரர் மட்டும் இரண்டு மாத அறிவிப்பில் போகலாம் என்று எழுதலாம். உரிமையாளருக்கு அது நட்டமாகத் தோன்றினால் முதல் ஓராண்டுக்குக் கடைக்காரரும் போகக்கூடாது என்று சேர்க்கலாம். பதினோரு மாத மாதிரியில் இதற்கெல்லாம் இடமில்லை, ஏனென்றால் அதை யாரும் பேசி எழுதுவதில்லை, நிரப்புகிறார்கள்.

பேசி எழுதவேண்டியவற்றில் முதலாவது, கடை மூடிக் கிடக்க நேர்ந்தால் வாடகை என்னவாகும் என்பது. 2020 ஊரடங்கில் இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. தில்லி கான் மார்க்கெட்டில் இருந்த ஒரு கடையின் வாடகைதாரர்கள், கடை திறக்கவில்லை, வாடகையை நிறுத்திவையுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் கேட்டார்கள். ராமானந்த் எதிர் கிரீஷ் சோனி என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை அடுக்கிக் காட்டியது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போவது பற்றிய, ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாது, இதை உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டே சொல்லியிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு துணைக்கு வரவேண்டுமானால் இடம் அழிந்தோ நிலையாகப் பயனற்றோ போயிருக்கவேண்டும், சில வாரம் பூட்டிக் கிடந்தது போதாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் கதை வேறு. கட்டுவதற்குக் கொஞ்சம் கால அவகாசம் கிடைத்தது, வாடகை தள்ளுபடி கிடைக்கவில்லை. வெள்ளம் வந்து போகிற ஊர்களில் கடை வைத்திருக்கும் நாம், அரசு ஆணையாலோ வெள்ளத்தாலோ இத்தனை நாளுக்கு மேல் கடை திறக்க முடியாமல் போனால் வாடகை பாதி என்று ஒரு வரி எழுதிக்கொள்வதற்கு என்ன தடை?

இரண்டாவது, கடைக்குள் செய்யும் வேலைகள். தான் பொருத்தியதைக் கடைக்காரர் கழற்றிக்கொண்டு போகலாம், இடத்தைப் பெற்றபோது இருந்த நிலையில் விடவேண்டும் என்பது 108ஆம் பிரிவின் பொது விதி. ஒப்பந்தம் வேறு சொன்னால் ஒப்பந்தமே செல்லும். ரேக், ஏ.சி., குளிரறை, கண்ணாடி முகப்பு, மெஸ்ஸனைன் தளம் என்று எது யாருடையது என்பதைப் பட்டியலாகப் பத்திரத்தோடு இணைத்துவிட்டால், காலி செய்யும் நாளில் ஸ்பானரும் கையுமாக நின்று சண்டை போடவேண்டியதில்லை. மூன்றாவது, கூட்டாளி சேர்ப்பது. தனிநபராகக் கடை எடுத்தவர் பிறகு ஒருவரைக் கூட்டுச் சேர்த்தால் அது உள்வாடகையா? உண்மையான கூட்டு என்றால் இல்லை. கூட்டு என்ற பெயரில் கடையைக் கைமாற்றியிருந்தால் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும். மகன், மருமகன், கம்பெனி என்று தொழில் எந்த உருவத்துக்கு மாறினாலும் குத்தகை தொடரும் என்று முன்பே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. வாடகை உயர்வு விகிதம், 18 சதவீத வரி யார் தலையில், ஷட்டரும் தண்ணீர்க் குழாயும் பழுதானால் யார் செலவு, இவற்றை நீங்களே சேர்த்துவிடுவீர்கள்.

எத்தனை எழுதினாலும் கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் ஆகிறதே என்று ஒரு குரல் எப்போதும் வரும். உண்மைதான். ஆனால் நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை கோர்ட்டுக்கு வெளியே நடப்பவை. வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு விலை பேசுவது, வங்கி மேலாளர் கடன் கொடுக்கும் முன் குத்தகையை விசாரிப்பது, அட்வான்ஸ் எவ்வளவு என்று வாரிசுகள் பத்திரத்தில் படித்துத் தெரிந்துகொள்வது, இவற்றில் எதற்கும் வாய்தா கிடையாது.

கடைசியாக, ஏற்கெனவே பத்து, பதினைந்து ஆண்டாக வாய்மொழியில் ஓடிக்கொண்டிருக்கும் கடைகள். இன்று இங்கே இருப்பவர்களில் பலர் அந்த வகையாக இருக்கலாம். இன்றைய தேதியில் புதிய குத்தகைப் பத்திரம் எழுதுங்கள். எந்த ஆண்டு முதல் கடை இவர் கையில் இருக்கிறது, அட்வான்ஸாக இதுவரை கொடுத்தது எவ்வளவு, எந்த மாதம் வரை வாடகை செலுத்தப்பட்டது என்ற மூன்றையும் முன்னுரைப் பகுதியிலேயே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். கட்டடம் பலர் பெயரில் இருந்தால் அத்தனை பேரும் கையெழுத்துப் போடட்டும், அடமானத்தில் இருந்தால் வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் தயார் செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். முத்திரைத்தாளைப் பாருங்கள். விற்ற தேதி, வாங்கியவர் பெயர், விற்பனையாளரின் முத்திரை எல்லாம் அதிலேயே இருக்கும்.